‘எல்லாரும் குடியுங்கள்’ என்பதா, ‘எல்லாவற்றையும் குடியுங்கள்’ என்பதா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து, நாற்பது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகத் தாமாகவே புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்துவரும் அவர், தம்முடைய திருச்சபையில் புதன்கிழமை தோறும் பெண்களுக்கு வேதபாட வகுப்பும் எடுக்கிறார். திருவிருந்தைப் பற்றிய வகுப்பொன்றில் மத்தேயு 26:27-ஐ விளக்கியபோது, கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பில் உள்ள ‘டிரிங்க் யீ ஆல் ஆஃப் இட்’ என்ற வரியைக் காட்டி, ‘பாத்திரத்திலுள்ள முழுவதையும் குடிக்க வேண்டும் என்பதே ஆண்டவரின் கட்டளை, கிரேக்க வினை அயோரிஸ்ட் (செயலை ஒரு முழுமையாகக் காட்டும்) வடிவில் இருப்பதால் ஒரே மடக்கில் குடிக்க வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வகுப்பில் எழுபது வயதை நெருங்கும் ஒரு பெரியம்மா இருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு நீர்மமான எதை விழுங்கினாலும் புரையேறும். ஆகவே திருவிருந்தில் தமக்குத் தரப்படும் சிறு கிண்ணத்தை உதட்டில் ஒற்றிவிட்டு, மீதியை அப்படியே வைத்துவிடுவது அவர் வழக்கம். அந்த வகுப்புக்குப் பிறகு அவர் திருவிருந்துக்கு எழுந்து போவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ‘அரைகுறையாகக் குடித்து ஆக்கினையைத் தேடிக்கொள்ள வேண்டாம்’ என்றாராம்.

‘நான் சொன்னது தவறா? தவறென்றால் வகுப்பை விட்டு விலகிவிடுவதுதான் முறையா?’ என்பது கடிதத்தின் முதன்மையான கேள்வி. அதனோடு, ‘குடி’ என்று பொருள்படும் ‘பீனோ’ என்ற இந்தக் கிரேக்க வினையின் எதிர்கால வடிவம் செயப்பாட்டு வினைபோல இருப்பது ஏன் என்றும், கிரேக்கத்தின் ‘பீனோ’ தமிழின் ‘பானம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று சபையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொன்னது தவறுதான். ஆனால் அது அக்கறையின்மையால் வந்த தவறு அல்ல என்பதும், அந்தப் பெரியம்மாவின் வருத்தம் உங்களைத் தூங்கவிடவில்லை என்பதும் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகின்றன. நான் பல ஆண்டுகளாகக் கிரேக்கம் கற்பிப்பவன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பலர் இதே இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வசனத்தைத் தீர்த்துக்கொள்வோம், பிறகு என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

ஒரு சிறு குறிப்பு: கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். இடையில் வரும் க, த, ப ஆகியவற்றையும் சொல்லின் முதலில் ஒலிப்பதுபோல வல்லோசையாகவே படியுங்கள். குறில் நெடிலை விடாமல் கவனியுங்கள். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கிரேக்கத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் படித்தவர்களுக்கு இது இயல்பாகவே கைவருகிறது.

‘எல்லாரும்’ என்பது யாரைச் சார்ந்தது?

மத்தேயுவின் வரி, ‘பியெதெ எக்ஸ் அவுதூ பந்தெஸ்’ என்பது. ‘பியெதெ’ என்றால் ‘குடியுங்கள்’. ‘எக்ஸ் அவுதூ’ என்றால் ‘அதிலிருந்து’. ‘பந்தெஸ்’ என்றால் ‘எல்லாரும்’. இந்தக் கடைசிச் சொல் எழுவாய் வேற்றுமையில், பன்மையில், உயர்திணை ஆண்பால் வடிவில் நிற்கிறது. ஆகவே அது குடிக்கிறவர்களைத்தான் சுட்ட முடியும். பாத்திரத்தைக் குறிக்கும் ‘பொதேரியொன்’ கிரேக்கத்தில் அலிப்பால் ஒருமைச் சொல். ‘அதில் உள்ள முழுவதும்’ என்று சொல்ல மத்தேயு எண்ணியிருந்தால் ‘பந்தெஸ்’ என்பதற்குப் பதிலாக ஒருமையில் ‘பந்தொஸ்’ என்றோ, செயப்படுபொருளாக ‘பன்’ என்றோ எழுதியிருப்பார். 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் சொல்வரிசை இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ‘நீங்கள் எல்லாரும்’ என்ற பொருளில்தான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களின் காதில் அது ‘அதில் எல்லாவற்றையும்’ என்று விழுகிறது. நீங்கள் நாள்தோறும் கையில் எடுக்கும் தமிழ் வேதாகமம், ‘நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்’ என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்கிறது. மூலத்தை நெருங்குவதற்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த இடத்தில் தமிழே மூலத்துக்கு அருகில் நிற்கிறது.

இன்னும் உறுதி வேண்டுமானால் மாற்கு 14:23-ஐப் பாருங்கள். அங்கே கட்டளை இல்லை, நடந்த செய்தி இருக்கிறது: ‘காய் எபியொன் எக்ஸ் அவுதூ பந்தெஸ்’, ‘அவர்களெல்லாரும் அதிலே பானம்பண்ணினார்கள்’. மத்தேயுவில் உள்ள அதே சொற்கள், அதே வரிசை. வினைமுற்று மட்டும் வேறு. இங்கே ‘பந்தெஸ்’ என்பதைப் பாத்திரத்தின் அளவோடு சேர்த்துப் படிக்க ஒருவராலும் இயலாது.

இந்த ஒரு சொல்லின் மேல் வரலாற்றில் எவ்வளவு கண்ணீர் விழுந்திருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சங்கம், பொதுமக்களுக்கு அப்பம் மட்டும் போதும், பாத்திரம் குருக்களுக்கே உரியது என்று விதித்தபோது, பொஹேமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சமயச் சீர்திருத்தக்காரரான யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள் ‘நீங்கள் எல்லாரும்’ என்ற இந்தச் சொல்லைத்தான் முன்வைத்தார்கள். பாத்திரமே அவர்களுடைய இயக்கத்தின் அடையாளமாயிற்று. யாரையும் விலக்கிவைக்காதீர்கள் என்று வாதிடுவதற்கு அவர்களுக்குக் கைகொடுத்த அந்தச் சொல், உங்கள் வகுப்பில் ஒருவரை விலகச் செய்துவிட்டது. இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. திருத்தம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

குடிப்பதும் குடித்துத் தீர்ப்பதும்

கிரேக்கர்களுக்கு ‘முழுவதும் குடித்துத் தீர்’ என்று சொல்லத் தனி வினையே இருந்தது: ‘எக்பீனோ’. கி.மு. 399-இல் சோக்ரதேஸ் நஞ்சு அருந்திய காட்சியைப் பிளேட்டோ எழுதும்போது, அவர் கிண்ணத்தை வாயில் வைத்து, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார் என்பதற்கு ‘எக்ஸெபியென்’ என்ற சொல்லைப் போடுகிறார். அடுத்த வரியிலேயே, அவர் குடித்துக்கொண்டிருந்ததையும் குடித்து முடித்துவிட்டதையும் கண்டபோது நண்பர்களால் அழுகையை அடக்க முடியவில்லை என்று சொல்லும்போது ‘பீனொந்த’, ‘பெபோகொத’ என்ற இரண்டு எச்சங்களை அருகருகே வைக்கிறார். முதலாவது, நடந்துகொண்டிருக்கும் செயல். இரண்டாவது, முடிந்து, அதன் விளைவு நிலைத்துவிட்ட செயல். ஒரே வினையின் இரண்டு வடிவங்களுக்கு நடுவே ஒரு மனிதரின் உயிர் போகிறது. கிரேக்க வினை வடிவங்களின் வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிடத் துலக்கமான வரியை நான் கண்டதில்லை.

மத்தேயு ‘எக்பீனோ’வைப் பயன்படுத்தவில்லை. சாதாரணமான ‘பீனோ’வை, ‘இதிலிருந்து’ என்ற சொல்லோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார். அந்தச் சொல்லமைப்பு எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற கேள்விக்கே போவதில்லை.

அயோரிஸ்ட் எதையும் எண்ணுவதில்லை

‘அயோரிஸ்ட் என்றால் ஒரே முறை, ஒரே மடக்கு’ என்று நீங்கள் படித்த பாடநூலில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எளிய பாடநூல்கள் பலவற்றில் இப்படி ஒரு சுருக்கம் இருக்கிறது. அது பாதி உண்மை. அயோரிஸ்ட் வடிவம் செயலை உள்ளே நுழைந்து பாராமல் வெளியிலிருந்து முழுமையாகப் பார்க்கிறது. எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்பவற்றை அது சொல்வதே இல்லை. நிகழ்கால அடி செயலை நடந்துகொண்டிருப்பதாகவோ வழக்கமாகத் தொடர்வதாகவோ காட்டுகிறது.

எபிரெயர் 6:7-இல் மழையைக் குடித்த நிலத்துக்கு ‘பியூஸ’ என்ற அயோரிஸ்ட் எச்சம் வருகிறது. அதே வரியில், அந்த மழை ‘அடிக்கடி பெய்கிற’ மழை என்றும் இருக்கிறது. எந்த நிலமும் பல பருவத்து மழையை ஒரே மடக்கில் குடிப்பதில்லை. அதற்குமேல், திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்றியே பவுல் 1 கொரிந்தியர் 11:28-இல் பேசும்போது ‘பாத்திரத்திலிருந்து குடிக்கக்கடவன்’ என்பதற்கு ‘பீனெதோ’ என்று நிகழ்கால அடியில் ஏவல் வடிவம் தருகிறார். மத்தேயுவில் அயோரிஸ்ட், பவுலில் நிகழ்கால அடி, பாத்திரம் ஒன்றே. ஆக, வினைவடிவத்திலிருந்து குடிக்கும் முறைக்கு விதி எடுக்க முடியாது.

அப்படியானால் இந்த வேறுபாட்டால் பயனே இல்லையா என்று சோர்ந்துவிடாதீர்கள். யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசும் இடத்தில், ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன்’ என்பதற்கு ‘பீனோன்’ என்ற நிகழ்கால எச்சமும், ‘நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறவன்’ என்பதற்கு ‘பியே’ என்ற அயோரிஸ்ட் வடிவமும் வருகின்றன. கிணற்றுக்கு நாள்தோறும் வந்து குடித்துக்கொண்டே இருப்பவர் ஒரு பக்கம், குடித்தவர் மறுபக்கம். தமிழில் இரண்டும் ‘குடிக்கிறவன்’ என்றே இருப்பதால் இது கண்ணில் படாது. 1 கொரிந்தியர் 10:4-இலும் அப்படியே. இஸ்ரவேலர் எல்லாரும் ஒரே ஞானபானத்தைக் குடித்தார்கள் என்பதற்கு ‘எபியொன்’; உடனே, கூடச் சென்ற கன்மலையிலிருந்து குடித்துவந்தார்கள் என்பதற்கு ‘எபீனொன்’. வனாந்தரப் பயணம் முழுவதும் நீண்ட குடிப்பு அது. இவை வகுப்பில் சொல்லத்தக்கவை. ஆனாலும் ‘இப்படிப் பார்க்க இடம் இருக்கிறது’ என்ற அளவில் நிறுத்துங்கள்; சூழல் துணை நிற்காத இடத்தில் வினைவடிவத்தின் மேல் மட்டும் ஒரு போதனையைக் கட்டாதீர்கள்.

ஒரு வினைக்கு மூன்று முகம்

இந்த வினையின் வடிவங்களை மனப்பாடம் செய்ய முடியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். நிகழ்காலம் ‘பீனோ’, எதிர்காலம் ‘பியொமாய்’, அயோரிஸ்ட் ‘எபியொன்’, நிறைவு ‘பெபோக’, அயோரிஸ்ட் செயப்பாட்டு ‘எபொதேன்’. ஐந்து வேறு சொற்கள்போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். அது ‘பி’, ‘போ’, ‘பொ’ என்று உயிர் மாறி வருகிறது. நிகழ்கால அடியில் மட்டும் ஒரு னகரம் ஒட்டிக்கொள்கிறது. அதை நீக்கினால் எதிர்காலமும் அயோரிஸ்டும் கிடைத்துவிடும். ‘எபியொன்’ என்பது ‘நான் குடித்தேன்’ என்றும் பொருள்படும், ‘அவர்கள் குடித்தார்கள்’ என்றும் பொருள்படும். இதைச் சூழல்தான் தீர்க்கும். ‘பொ’ என்ற முகம் பெயர்ச்சொற்களில் மிகுதி: ‘பொஸிஸ்’ பானம், ‘பொதேரியொன்’ பாத்திரம்.

‘பியொமாய்’ என்பதை ‘நான் குடிக்கப்படுவேன்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அது ‘குடிப்பேன்’ என்ற செய்வினைப் பொருள் மட்டுமே உடையது. உண்ணுதல், கேட்டல், காணுதல் போன்று உடலும் புலனும் ஈடுபடும் வினைகள் பலவற்றுக்குக் கிரேக்கத்தில் எதிர்காலம் மட்டும் இப்படி நடு வினை (செய்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் இடைப்பட்ட) வடிவத்தில் வரும், பொருள் மாறாது. மாற்கு 10:39-இல் செபதேயுவின் குமாரரிடம் ‘நான் குடிக்கும் பாத்திரத்தில் நீங்கள் குடிப்பீர்கள்’ என்னும்போது முதலில் ‘பீனோ’, பிறகு ‘பியெஸ்தெ’ வருகிறது. உண்மையான செயப்பாட்டைப் பார்க்க விரும்பினால் 1 கொரிந்தியர் 15:54-க்குப் போங்கள். ‘மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது’ என்ற இடத்தில் உள்ள ‘கதெபொதே’, ‘கதபீனோ’ என்ற கூட்டுவினையின் வடிவம். ‘கீழே குடித்துவிடு’ என்பதே அங்கே ‘விழுங்கு’ ஆகிறது. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களைக் கடிந்துகொள்ளும் மத்தேயு 23:24-இலும் இதே வினைதான்.

வடிவங்களை ஏன் இவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு வெளிப்படுத்தல் 18:3 ஒரு சான்று. அங்கே ஜாதிகள் ‘குடித்தார்கள்’ என்பதற்கு ‘பெபோகன்’ என்று இருக்க, சில கையெழுத்துப் படிகளில் ஒரு தகரம் கூடி, ‘விழுந்தார்கள்’ என்ற பொருள் தரும் வடிவம் காணப்படுகிறது. ஓரெழுத்து மாறினால் வாக்கியமே மாறிவிடுகிறது.

ஆண்டு மலர்க் கட்டுரை

கட்டுரையை இப்போதுள்ள வடிவில் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘பானம்’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். வடமொழியின் ‘பா’ என்ற வேரும், கிரேக்கத்தின் இந்த வினையும், இலத்தீனின் ‘பிபோ’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூதாதை வேரின் பிள்ளைகள். ஆகவே ‘பீனோ’வுக்கும் ‘பான’த்துக்கும் உறவு இருப்பதாக நீங்கள் உணர்ந்தது வீண்போகவில்லை, ஆனால் அந்த உறவு வடமொழி வழியாக வந்தது, தமிழிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது அல்ல. இரண்டிலும் கேட்கும் னகரமும் ஒன்றன்று. ‘பீனோ’வில் அது நிகழ்கால அடியின் அடையாளம், ‘பான’த்தில் பெயராக்கும் விகுதியின் பகுதி. தமிழின் சொந்தச் சொற்கள் குடி, பருகு, மாந்து, உண் ஆகியவை; ‘உண்ணற்க கள்ளை’ என்று வள்ளுவர் சொல்லும்போது ‘உண்’ என்பது பருகுவதையும் தழுவி நிற்கிறது.

சொல் பிறந்த கதையைப் பொருளாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு மாற்கு 6:39 இருக்கிறது. ‘சும்பொஸியொன்’ என்பதன் வேர்ப்பொருள் ‘கூடிக் குடித்தல்’. ஐயாயிரம் பேரைப் புல்லின்மேல் உட்காரவைத்த இடத்தில் மாற்கு ‘சும்பொஸிய சும்பொஸிய’ என்று எழுதுகிறார். நம் ‘பந்திபந்தியாக’ என்பதைப் போன்ற அடுக்கு அது. அங்கே அப்பமும் மீனும்தான் இருந்தன, குடிப்பதற்கு எதுவும் சொல்லப்படவில்லை.

கிரேக்கரையும் தமிழரையும் இணைத்து எழுதியே ஆக வேண்டும் என்றால் உண்மையான இணைப்பு ஒன்று இருக்கிறது. புறநானூறு 56-ஆம் பாட்டில் நக்கீரர், ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று, அவர்கள் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாடுகிறார். ‘யவனர்’ என்ற பெயரே அயோனியக் கிரேக்கரின் பெயரிலிருந்து கிளைத்தது. அந்தப் பாட்டில் மகளிர் ஏந்தி ‘மடுப்ப’ மன்னன் மகிழ்கிறான். பருகச் செய்வதற்குத் தமிழில் ‘மடு’, ‘புகட்டு’, ‘ஊட்டு’ என்று இருப்பதுபோலக் கிரேக்கத்தில் ‘பொதிஸோ’ இருக்கிறது. ‘நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்’ என்ற இடத்தில் வருவது அந்த வினையே. இப்படி ஒரு கட்டுரையை உங்கள் சபையார் விரும்பிப் படிப்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

வகுப்பை விட்டு விலகுவது ஒரு வழி; நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் காரணம் சொல்லாமல் விலகினால் அந்தத் தவறான விளக்கம் பதினைந்து இருபது பேர் மனத்தில் அப்படியே தங்கிவிடும். அடுத்த பாடத்தில் போகிற போக்கில் திருத்திவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் உங்களுக்குச் சங்கடம் குறைவு, ஆனால் பெரியம்மா அன்று வகுப்புக்கு வராமல் இருந்துவிடக்கூடும். முதலில் அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். இலக்கணம் விளக்க வேண்டாம். ‘நான் வசனத்தைத் தவறாகப் படித்துச் சொல்லிவிட்டேன் பெரியம்மா’ என்று தொடங்குங்கள்.

அவர் ‘ஆக்கினை’ என்று சொன்னது 1 கொரிந்தியர் 11-இலிருந்து வந்திருக்கும். அங்கே ‘அபாத்திரமாய்’ என்ற சொல்லைக் கேட்கும்போது பாத்திரத்தில் மிச்சம் வைப்பதோடு அதை இணைத்து அவர் அஞ்சியிருக்கக்கூடும். கிரேக்கத்தில் உள்ள ‘அனக்ஸியோஸ்’ என்பது ‘தகாத விதமாக’ என்று பொருள்படும் வினையடை. பாத்திரத்துக்கும் அளவுக்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. பவுல் கண்டித்தது, ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறிகொள்ளும் அளவுக்கு நடந்த கொரிந்து சபையின் விருந்தை. இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அவருக்கு எவ்வளவு விழுங்கலாம் என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்கக் கூடாது. புரையேறுதல் நுரையீரல்வரை பாதிக்கும் என்பதால் அவருடைய மருத்துவர் சொன்ன அளவை மீறி ஒரு சொட்டுகூட வற்புறுத்தாதீர்கள். அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துத் தருவது போன்ற மாற்று முறை உங்கள் சபையில் உண்டா, அது அவருக்கு ஒத்துவருமா என்பதை ஆயரிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிருந்தின் ஒழுங்கு ஆயரின் பொறுப்பு. நடந்ததை அவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. வேறொருவர் வாயிலாக அவர் கேள்விப்பட்டால் பெரியம்மாவின் பெயரும் தேவையில்லாமல் அடிபடும்.

அதன்பிறகு வரும் புதன்கிழமை, வகுப்பின் தொடக்கத்திலேயே திருத்தத்தைச் சொல்லுங்கள். பெரியம்மாவையோ அவருடைய உடல்நிலையையோ குறிப்பிட வேண்டாம். மத்தேயு 26:27-ஐயும் மாற்கு 14:23-ஐயும் தமிழில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொல்லி, ‘எல்லாரும்’ என்ற சொல்லின் கீழே கோடிடச் சொல்லுங்கள். அன்றைக்குக் கிரேக்கத்தில் ‘பந்தெஸ்’ என்ற ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.